ஒரு கமா கூடத் தப்பில்லை

ஆய்வேட்டின் கடைசியில் வரும் மேற்கோள் நூல் பட்டியலைத் தானாகவே அடுக்கித் தரும் மென்பொருள் எங்கள் செங்கல்பட்டுக் கல்லூரிக்கு வந்த புதிது. மாமல்லபுரத்தின் கடலரிப்பைப் பற்றிய என் ஆய்வேட்டில் பட்டியல் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் நூலகர். மெலிந்த மனிதர், காதில் எப்போதும் சிவப்புப் பென்சில். எந்த ஆய்வேட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார்.

பென்சில் ஒரு வரியில் நின்றது.

"இந்தக் கட்டுரையப் படிச்சீங்களா தம்பி?"

"படிச்சேன் சார்" என்றேன். வேறொருவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்த வரி அது.

"எப்டிப் படிச்சீங்க? அப்டி ஒரு கட்டுரையே கெடையாது. நான் படிக்கிறப்ப என் ஆய்வேட்டுப் பட்டியல்ல ரெண்டு கட்டுரையோட பேர ஒண்ணாக்கித் தப்பா எழுதிட்டேன். அதப் பார்த்து எல்லாரும் எழுதிகினே வராங்க. முன்னாடி கையால எழுதினாங்க. இப்ப கம்ப்யூட்டர்லயும் ஏறிடுச்சு. இனிமே அது சாவாது."

"எடுத்துடறேன் சார்."

"உங்களுதுல எடுத்தா மத்ததுல போயிடுமா?"

மிச்சப் பட்டியலையும் நிதானமாகப் பார்த்து முடித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ஒரு கமா கூடத் தப்பில்ல" என்று கையெழுத்திட்டார்.

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேனே தவிர, நானும் எடுக்கவில்லை.