கேட்டு ஓரத்து அவரைக்கொடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கியிருக்கிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். எட்டாவது வரை படித்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில், டெல்லி கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் கீழ்வீட்டில் இருந்தோம். பின்பக்கம் கொஞ்சம் மண் உண்டு. பாத்திரம் தேய்க்க வந்த பெண் விழுப்புரம் பக்கத்தவள், கல்யாணமாகிப் புருஷனோடு பிழைக்க வந்தவள். அந்த வருஷம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது முந்தானையில் அவரை விதை முடிந்துகொண்டு வந்தாள். ஆடியில் அவளே பின்பக்கம் ஊன்றிப் பந்தலும் கட்டினாள். மிஞ்சிய இரண்டு விதையை முன்பக்கக் கேட்டு ஓரத்தில் போட்டாள்.

பொங்கல் கூட்டுக்கு நம் ஊர் அவரைக்காய் அங்கே அப்போது லேசில் கிடைக்காது. முதல் காயை முருகனுக்குப் படைப்பதாக வேண்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அது எனக்குச் சாமியின் கொடி. சாயங்காலம் விளக்கேற்றியதும் பூஜைத் தண்ணீரோடு இன்னொரு குடமும் சேர்த்து, இலையெல்லாம் நனையத் தெளிப்பேன். நெருங்கிப் பின்னிய கொடியில் ஒரு கிளையைக் கிள்ளவும் மனசு வராது. மார்கழிப் பனி இறங்கியதும் பந்தலைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டினேன்.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னாக்கா, தெனமும் தலைக்குளியலா? இந்தக் குளுருல நாமளே வாரத்துக்கு ஒரு தபாதான் குளிக்கிறோம்! வேருக்கு ஊத்துங்க. காத்துப் போவட்டும், பொடவைய அவுத்துடுங்க."

"சாமி தண்ணிடி, ஒண்ணும் ஆகாது. உன் வேலையைப் பாரு" என்றேன்.

ஒரு வாரம் வெயிலே இல்லை, பகலெல்லாம் மூடுபனி. அதற்குப் பிறகு பார்த்தால் இலைக்கு அடியில் துருத்தூள் மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள். பிஞ்சுகளில் கறுப்புக் கறுப்பாகக் குழி. வீட்டுக்கு விலக்கான பெண் தொட்டால் கொடி பட்டுப்போகும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். நான் அந்த நாட்களில் பின்பக்கமே போனதில்லை. அப்படியானால் வேறு யார்?

பக்கத்து வீட்டு அம்மாள் நிற்கும்போதே அவளைக் கேட்டேன். "நிஜத்தைச் சொல்லு. தூரத்தோட வந்து கொடியைத் தொட்டியா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இல்லக்கா" என்று ஒரே வார்த்தை.

"சாமிக்கு நேர்ந்தது. இனிமே வராதே" என்று சொல்லிவிட்டேன். பேச்சு பரவி, பிளாக்கில் மற்ற இரண்டு தமிழ் வீடுகளிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரியில் கொடியைப் பிடுங்கிப் போடக் காலனி மாலியை, அதாவது தோட்டக்காரரை, கூப்பிட்டேன். வயசானவர். ஓர் இலையைத் திருப்பி விரலால் தேய்த்துக் காட்டினார். விரல் சிவந்தது. "பஹன்ஜி, ஃபபூந்த் லக் கயா" என்றார். பூஞ்சணமாம். எப்போது தண்ணீர் விடுவேன் என்று கேட்டார். சாயங்காலம், இலைமேல் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். இலை ராத்திரி முழுக்க ஈரம், கொடிக்கு நடுவே காற்றில்லை, புடவை மறைத்து வெயிலும் இல்லை. பூஞ்சணம் வளர இதைவிட என்ன வேண்டும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, கேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே நான் திரும்பியே பார்க்காத கொடி, கம்பியில் ஏறி வெயிலில் பச்சைப்பசேலென்று காய்த்துத் தொங்கியது. அதே விதை. அதே கை ஊன்றியது.

அப்பொழுதே அவளிடம் ஓடியிருக்க வேண்டும். வேலைக்காரியிடம் போய் எப்படி நிற்பது என்ற கௌரவம் தடுத்தது. பொங்கலன்றுதான் அந்தக் காய்களைப் பறித்து, கூட்டுக்குப் போக மீதியை எடுத்துக்கொண்டு, ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளுக்குப் போனேன்.

பாதியாக இளைத்திருந்தாள். காயைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "கேட்டாண்ட இருந்ததா? அதுக்கு நீங்க தண்ணி தெளிச்சிருக்க மாட்டீங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"நான் கேட்டது தப்பும்மா."

"எனக்கு அப்ப மூணு மாசம்க்கா. எங்கேருந்து தூரமாவும்? மாசமா இருக்கறது தெரிஞ்சா நிறுத்திடுவீங்களேன்னுதான் வாயத் தொறக்கல."

நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். அவள் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குடிசைக்காரிதான் சொன்னாள்: "வூட்டு வேல போனதும் செங்கல் சொமக்கப் போச்சும்மா. தங்கல."

என்ன சொல்லிவிட்டுத் திரும்பினேன் என்று ஞாபகமில்லை. அடுத்த மாதம் போனபோது, ஊருக்கே போய்விட்டார்கள் என்றார்கள். அந்தப் பொங்கலன்று முருகனுக்கு வைத்த கூட்டை நான் வாயில் வைக்கவில்லை. இன்றுவரை அவரைக்காய் சாப்பிடுவதில்லை.

இதைப் படிப்பவர்கள் வேறு யாருக்காவது சொல்வதானால், வேருக்குத் தண்ணீர் விடு, காற்றும் வெயிலும் பட விடு என்பதோடு முடித்துவிடாதீர்கள். பாவம், தெரியாமல் செய்தாள் என்று என்னைத் தாங்கியும் பேசாதீர்கள். அவள் முன்கூட்டியே எனக்குச் சொன்னாள், பிறகு நான் அவளை அந்தக் கேள்வி கேட்டேன், இரண்டையும் இருந்தபடியே சொல்லுங்கள். சாமியின் பெயரால் நான் ஈரத்தையும் இருட்டையும் கட்டிவைத்தது அந்தப் பந்தலில் மட்டுமில்லை.