ஏழு தடவை மாறாத வானம்

படங்களுக்கு நிறம் திருத்தும் அந்த ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் ‘கேஷ் அக்கா’ என்பார்கள். அதைக் காதில் வாங்கிய மாமனார், மருமகளுக்கு வங்கியில் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

உண்மையில் அவள் பார்த்துக்கொண்டது படங்களின் நகல்களை. வேலைப்பாடு அதிகமுள்ள காட்சி கணினியில் திக்கித் திணறித்தான் ஓடும். அதனால் அதை முன்கூட்டியே தயார் செய்து, நகலாகச் சேமித்து ஓட்டுவார்கள். அந்த நகலுக்குத்தான் கேஷ் என்று பெயர். எதை வைப்பது, எதை அழிப்பது என்பது பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. ஹார்டு டிஸ்க் நிரம்பினால் அவள் தலைதான் உருளும்.

ஒருநாள் காலை, நிறம் திருத்தும் கலரிஸ்ட் அவள் மேசைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

“கடற்கரை சீன்ல வானத்தை ஏழு தடவை மாத்தச் சொன்னாருக்கா டைரக்டர். ஏழாவது தடவை, ‘ஆங், இப்பதான் உயிர் வந்துச்சு’ன்னு கைதட்டறாரு. அதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு.”

சிரித்துக்கொண்டே கணினியைப் பார்த்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அந்தக் காட்சியின் நகல் அழிந்துவிடாமல் இருக்க முந்தின நாள் பூட்டி வைத்தவள், திறக்க மறந்திருந்தாள். பூட்டிய நகலில் புது மாற்றம் எதுவும் ஏறாது. ஏழு தடவையும் திரையில் ஓடியது அதே பழைய நகல். மாற்றங்களெல்லாம் அடியில் சத்தமில்லாமல் சேர்ந்திருந்தன. வாயை மூடிக்கொண்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். தியேட்டருக்குப் போகும் படத்தில் ஏழும் சேர்ந்து வந்து நிற்கும்.

எழுந்து, கலரிஸ்டையும் கூட்டிக்கொண்டு நேராக இயக்குநரிடம் போனாள்.

“சார், என் தப்புதான். காலையிலேர்ந்து நீங்க பார்த்தது நேத்து வானம்.”

நகலை நீக்கிக் காட்டினாள். மை பாட்டிலைக் கவிழ்த்தது போல வானம். அதன் கீழே கத்தரிக்காய் நிறத்தில் கதாநாயகன்.

“அப்போ நான் கைதட்டினது?”

“இவர் முதல்ல போட்டதுக்கு, சார்.”

கலரிஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டார். இயக்குநர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

“பழசையே வச்சுடுங்க. என் பொண்டாட்டி காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. வீட்டுச் சுவருக்கு கலர் பாக்கறேன்னு ஒரு மாசமா அவளைப் பாடா படுத்திட்டிருக்கேன்.”

மதியம் கலரிஸ்ட் தன் சாப்பாட்டு டப்பாவோடு அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா என் பேரு நாறியிருக்கும்க்கா.”

“பூட்டினதே நான்தானே” என்றாள் அவள். அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசித்தது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, வேறு எங்கெல்லாம் பூட்டைத் திறக்க மறந்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகத் தேட உட்கார்ந்தாள்.