தலைக்கு மேலே ஒரு பலகை

முத்துராஜ் கடைசி எழுத்தைத் தட்டியதும் எழுந்துவிடுவார். நாற்காலி சுழன்று நிற்பதற்குள் பக்கக் கதவு திறந்து மூடும். கயிறு கட்டிய வரிசையைச் சுற்றிக்கொண்டு, மூட்டைகளையும் நீட்டிய கால்களையும் தாண்டிக் கூடத்தின் நடுவுக்கு வந்து, திரும்பி அண்ணாந்து பார்ப்பார். மூன்றாவது வரி மாறியிருக்கும். அதே வழியில் திரும்ப ஓட்டம். உட்கார்ந்து இரண்டு டிக்கெட் கொடுப்பதற்குள் நாலாவது வரியை மாற்ற வேண்டிவரும். மறுபடி தட்டல், மறுபடி கதவு.

"அண்ணே, நீங்க டிக்கெட் குடுக்கிறீங்களா, இல்ல ஹேவ்லாக் தீவுக்கு நடந்தே போறீங்களா?" என்பார் பக்கத்து இருக்கையில் உள்ள ஷீலா. முத்துராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே, "சலோ, அடுத்த ஆள்" என்று கண்ணாடிக்கு வெளியே கை நீட்டுவார்.

போர்ட் பிளேரில் தீவுகளுக்குப் படகு விடும் ஒரு தனியார் கம்பெனியின் காத்திருப்புக் கூடம் அது. டிக்கெட் கொடுக்கும் கண்ணாடி அறைக்கு நேர் மேலே, வெளிப்பக்கச் சுவரில் படகு நேரம் காட்டும் பெரிய திரைப் பலகை. ஆகவே, அந்தப் பலகையை இயக்குகிற மனிதர் ஒருவருக்குத்தான் அது தெரியாது. அது அவர் தலைக்கு மேலே இருக்கிறது. அவருக்குத் தெரிவதெல்லாம் அதை அண்ணாந்து பார்க்கிற முகங்கள்.

பலகையில் ஓடும் சன்னலை, அதாவது நேரத்தைக் காட்டும் அந்தக் கணினி நிரலை, எழுதியது அவரேதான். மாலை வகுப்பில் படித்த ஒரு வருஷப் படிப்பும் ஐந்து வருஷப் பிடிவாதமும் சேர்ந்து எழுதியது. அதில் நேரம், இடம், வாசல் என்று வரிசைகள் உண்டு. மாற்றுவதற்குப் பொத்தான்களும் உண்டு. ஆனால் யாரும் அவற்றை விரலால் அழுத்துவதில்லை. திரைக்குப் பின்னால் தகரப் பெட்டிக்குள் இருக்கும் கணினியின் மவுஸ், உப்புக் காற்றில் முதல் வருஷமே செத்துவிட்டது. கீழே அறையில், தன் கணினியின் கன்சோலில், கட்டளை அடிக்கும் கறுப்புக் கட்டத்தில், முத்துராஜ் ஒரு வரி அடிப்பார். மேலே பொத்தான் தானாக அமுங்கும். அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்வது வழக்கம். "போர்டு... வரி மூணு... டைம் ஒண்ணு முப்பது... கலர் லால்." சிவப்புக்கு அவர் வாயில் ஹிந்தி லால்தான். கடைசியில் எண்டர் தட்டும்போது மட்டும் குரல் நின்றுவிடும்.

அவர் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவர். தாய் தகப்பன் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேற்றப்பட்டவர்கள். கப்பல் இன்றைக்கு வரும் என்பார்கள். மூட்டை கட்டிக்கொண்டு போய் நிற்பார்கள். மூன்று நாள் கழித்து வரும். யாரும் சொல்ல மாட்டார்கள். "வராட்டி வராதுன்னு சொல்லணும். அது தெரிஞ்சா மனுசன் போய்ச் சோறாக்கித் திம்பான்ல?" என்பார். பலகையில் எண்களை மட்டும் எழுத்துகளைவிட இரண்டு பங்கு பெரிதாக வைத்திருக்கிறார். எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும்.

போன ஏப்ரல் வரை அவர் இப்படி ஓட வேண்டியிருந்ததில்லை. கூடத்தின் எதிர்ச் சுவரோரம் ஜெய்னுதீன் பாயின் டீக்கடை இருந்தது. பாயின் ஸ்டூலிலிருந்து பார்த்தால் பலகையும் தெரியும், அதற்குக் கீழே கண்ணாடிக்குள் முத்துராஜும் தெரிவார். முத்துராஜ் எண்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தால், பாய் வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார். மாறிவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையை ஆட்டினால் இன்னும் மாறவில்லை. விரலால் வட்டம் போட்டால் சன்னல் உறைந்து நிற்கிறது, மூடித் திற. டீ ஆற்றிக்கொண்டிருந்தாலும் ஒரு கையை விடுவித்துத் தூக்குவார். ஒன்பது வருஷம்.

முதல் நாள் பொத்தான் தானாக அமுங்குவதைப் பார்த்துவிட்டு, கண்ணாடி ஓட்டைக்கு வந்து குனிந்து கேட்டாராம்: "என்னா மாப்ள, ஆளே இல்லாம அமுங்குது? உள்ள ஜின்னு கின்னு வச்சிருக்கியா?"

"ஜின்னு இல்ல பாய். கன்சோலு."

"ஏதோ ஒண்ணு. வெள்ளிக்கிழமை அதுக்கு லீவு குடு."

பலகை தெரிகிற மாதிரி எதிரே ஒரு முகக்கண்ணாடி வைக்கலாமே, போன் கேமரா மாட்டலாமே என்று ஷீலா கேட்டிருக்கிறார். அதைவிட எளிய வழி ஒன்று இருப்பது முத்துராஜுக்கு எப்போதோ தெரியும். சன்னலிடமே கேட்கலாம். மூன்றாவது வரியில் இப்போது என்ன இருக்கிறது என்று கன்சோலில் ஒரு வரி அடித்தால், அது பதில் எழுதும். அதை அவர் எழுதவே இல்லை. ஏன் என்று கேட்டபோது சொன்னார்: "அது சொல்றது அது நெனச்சிக்கிட்டிருக்கிறது ஷீலா. பாய் சொல்றது பாய் பாத்தது."

ஏப்ரல் கடைசியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன பாய் திரும்பவில்லை. ஷட்டர் இறங்கியது. பாயின் மனைவி ரம்ஜான் பீவி ஒரு நாள் வந்து டம்ளர்களையும் பாய்லரையும் எடுத்துப்போனார். ஸ்டூலை மட்டும் ஷட்டர் காலோடு சங்கிலியில் கட்டியபடி விட்டுப்போனார். சாவி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் முத்துராஜ் எண்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, முகங்களைப் படித்து, மாறியிருக்கும் என்று ஊகித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

ஜூனில் ஒரு நாள் காற்று எழும்பியது. இரண்டு மணி ஹேவ்லாக் படகை ஒன்றரைக்கே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முத்துராஜ் அடித்தார், கன்சோல் வரியை வாங்கிக்கொண்டது. மேலே சன்னல் உறைந்து நின்றது. மைக்கில் சொன்னார்கள், கூரைத் தகரத்தில் மழை விழும்போது மைக் வெறும் இரைச்சல். முன்னால் இருந்தவர்கள் வரிசை நகர்வதைப் பார்த்து ஓடினார்கள். கடைசி பெஞ்சில் அங்கம்மா என்ற அம்மாள் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஹேவ்லாக்கில் தம்பி இறந்துவிட்டான். அன்று மாலை எடுக்கிறார்கள். ஒன்றே முக்காலுக்கு எழுந்து வந்து டிக்கெட்டை நீட்டினார். அடுத்த படகு மறுநாள் காலை.

அவர் சத்தம் போடவில்லை. பலகையைக் காட்டி, "ரெண்டுன்னுதான தம்பி போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். முத்துராஜ் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். இரண்டு என்றுதான் போட்டிருந்தது.

அன்றிலிருந்துதான் இந்த ஓட்டம். ஒரு வரி மாற்றினாலும் ஓடுவார். வீட்டில் சாப்பிடும்போதும் நடுவில் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறாராம். மனைவி புஷ்பா கேட்டால், ஒன்றுமில்லை, மழையா என்று பார்த்தேன் என்கிறார்.

மேலாளர் கிருஷ்ணமூர்த்தி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். கவுண்டர் காலியாகக் கிடக்கிறது, வரிசை தேங்குகிறது என்று புகார். முத்துராஜை அழைத்து, திங்கள் முதல் இருக்கையை விட்டு எழக்கூடாது, சன்னலிடம் கேட்கிற அந்த வரியை எழுதிக்கொள்ள வேண்டும், முடியாதென்றால் சாமான் ஏற்றும் பக்கம் போய்விடலாம், அங்கே நாள் முழுக்க நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். பலகை வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். முத்துராஜ் "டீக் ஹை சார்" என்று சொல்லி, ஞாயிறு உட்கார்ந்து அந்த வரியை எழுதினார். ஐந்து நிமிஷ வேலை.

திங்கள், செவ்வாய், புதன் உட்கார்ந்தார். கேட்டார், கன்சோல் சரியாகவே பதில் சொன்னது. மேஜைக்கடியில் வலது கால் ஆடிய ஆட்டத்தில் ஷீலாவின் தண்ணீர் பாட்டில் இரண்டு தடவை விழுந்தது.

வியாழக்கிழமை மறுபடி காற்று. இரண்டு மணிப் படகு ஒன்றரைக்கு. கிருஷ்ணமூர்த்தி அறைக்குள் ஷீலாவின் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முத்துராஜ் வாய்விட்டுச் சொல்லி அடித்தார். "போர்டு... வரி மூணு... டைம் ஒண்ணு முப்பது... லால்." எண்டர். பிறகு சன்னலிடம் கேட்டார். ஒன்று முப்பது, சிவப்பு என்று பதில் வந்தது. கூரையில் மழை இறங்கியது. கூடத்தில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் போனில். கடைசி பெஞ்சில் வெள்ளைச் சேலை ஒன்று தெரிந்தது. அங்கம்மா. தம்பிக்குப் பதினாறாம் நாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தார்.

முத்துராஜ் இன்னொரு தடவை கேட்டார். அதே பதில்.

"அண்ணே," என்றார் ஷீலா மெதுவாக. "உக்காருங்க."

கதவு திறந்து மூடியது. கயிற்றைச் சுற்றி, கால்களைத் தாண்டிக் கடைசி பெஞ்சுவரை போனார். "அம்மா, படகு ஒண்ணரைக்கே போவுது. இப்பவே லைன்ல நில்லுங்க."

அங்கம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஆளை அடையாளம் தெரிந்தது. "பாத்துட்டேன் தம்பி," என்றார். "இந்தத் தடவை மாத்திட்டீங்க." பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வரிசைக்கு நடந்தார்.

முத்துராஜ் திரும்பினார். பாயின் கடை ஷட்டருக்கு முன்னால், அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அங்கிருந்து இரண்டும் சேர்ந்து தெரிந்தன: மேலே சிவப்பில் ஒன்று முப்பது, அதற்குக் கீழே கண்ணாடிக்குள் இன்னும் லேசாகச் சுழன்றுகொண்டிருக்கும் தன் காலி நாற்காலி. அதன் பக்கத்தில் கிருஷ்ணமூர்த்தி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துராஜ் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். நாற்காலி சுழன்று நிற்கும்வரை இறக்கவில்லை.