குட்டைக் கழுத்து பேஸ்

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவருக்குக் கனடா விசா கிடைத்த கிழமை, நான் அண்ணையிடம் சொன்னேன்: "இனி பேஸ் நான் அடிக்கிறன்."

அண்ணை சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "விசர்க்கதை கதையாதை. பொம்பிளைப் பிள்ளை மேடையிலை நிண்டு பேஸ் அடிச்சால் சனம் என்ன சொல்லும்?" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிஸின் லா சப்பலில், ரயில் தண்டவாளங்களைப் பார்த்த ஆறாம் மாடி அறையொன்றில் இருவரும் இருந்தோம். அவர் உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் தையல் பட்டறையில் அயன் பண்ணினேன். சனி, ஞாயிறுகளில் அண்ணையின் குழு எங்கள் ஆட்களின் கல்யாணங்களிலும் பிள்ளைகள் கோயிலில் முதல்நன்மை வாங்கும் விருந்துகளிலும் வாசித்தது. முதலில் ஆடவைக்கும் பைலாப் பாட்டுகள். பிறகு, அறுபதுகளில் இங்கிலாந்தில் இருந்து வந்த பொப் குழு ஒன்றின் பாட்டுகள். ஊரில் வானொலியில் கேட்டே அவை எங்களுக்கு மனப்பாடம். மற்றவர்கள் மெட்டை முணுமுணுப்பார்கள். என் காது எப்போதும் அடியில் தனியாக நடந்துபோகும் பேஸின் பின்னாலேயே போகும். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்திருந்ததால் விரல்களுக்கும் கொஞ்சம் பழக்கம் இருந்தது.

கனடா போனவர் தன் பேஸை, "வச்சிரு, இல்லாட்டி மாத்திப்போடு" என்று என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். அண்ணை வேலைக்குப் போனதும் அதை எடுத்து மடியில் வைத்தேன். பாரம் தோளை இழுத்தது. கழுத்து நீளமென்பதால் அதன் நுனியில் இருக்கும் முதல் கட்டையை அழுத்தப் போனால் கை முழுதாக நீண்டுவிடும். விடாமல் வாசித்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அண்ணை அதைக் கண்டார்.

"நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உன்ரை கையே சொல்லுது."

குழுவில் கிட்டார் வாசித்த பாண்டிச்சேரிக்காரர்தான் மறுவாரம் அந்த இங்கிலாந்துக் குழுவின் இசைத்தட்டு உறையொன்றோடு வந்தார். தபால் கந்தோரில் வேலை. சின்ன வயதிலேயே பாரிஸுக்கு வந்தவர். அந்த இங்கிலாந்துக் குழு எந்தப் பாட்டில் எந்தக் கிட்டாரை எடுத்தது, எதில் பன்னிரண்டு தந்தி என்பதெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார்.

"இதப் பாரும்மா. அவரு கையில இருக்கற பேஸ் எவ்வளவு சின்னதா இருக்கு!"

உறைப் படத்தில் இருந்த பேஸுக்கு வயலின் போன்ற உடம்பு. வாசித்தவர் இடக்கைக்காரர் என்பதால் கழுத்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. "கழுத்து குட்ட. கனமும் இல்ல. ஒனக்கு எட்டும்."

மெத்ரோ பாலத்தின் கீழாக மூவரும் இசைக்கருவிக் கடைகள் இருந்த பிகாலுக்கு நடந்தோம். அண்ணை என்னைத் தனியே விட விரும்பாமல் வந்தார். ஒரு கடையின் பின்சுவரில் அதே வடிவில் ஒரு ஜப்பான் நகல் தூசியோடு தொங்கியது, வலக்கைக்காரருக்கானது. கடைக்காரர் ஏதோ சொன்னார். "இத இப்ப யாரும் கேக்கறதில்லயாம்," என்றார் பாண்டிச்சேரிக்காரர். கடைக்காரர் அதை இறக்கி அண்ணையிடம் நீட்டினார். நான் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். முதல் கட்டையில் சுண்டுவிரல்வரை நான்கு விரலும் நோகாமல் உட்கார்ந்தன. பெரிய பேஸைக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டு வந்தோம்.

பயிற்சிக்கு எங்களிடம் ஒலிபெருக்கி இருக்கவில்லை. பேஸின் தலையை அலுமாரிக் கதவில் அழுத்தி வைத்தால் மரம் அதிர்ந்து சத்தம் வரும். கசெட்டைப் போட்டு, ஒவ்வொரு பாட்டையும் துண்டு துண்டாக நிறுத்திக் கேட்டேன். விரல்நுனி கொப்பளித்தது, உடைந்தது, காய்ந்து தடித்தது. பட்டறையில் அயன்பெட்டியைப் பிடிக்கும்போதும் வலது பெருவிரல் தாளம் போட்டது. "அடுத்த கலியாணத்துக்கு ஆள் கிடைச்சிட்டுதோ?" என்று அண்ணையிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிடைக்கவில்லை. தேடினாரோ தெரியாது.

அந்தக் கல்யாணத்துக்கு, பாரிஸ் புறநகரான கார்ஜில் மண்டபமொன்றின் மத்தியான விருந்தில், பேஸோடு மேடை ஏறியது நான்தான். இரண்டாவது பாட்டில் தோள்வாரைப் பிடித்திருந்த ஆணி கழன்று, பேஸ் அப்படியே கீழே சரிந்தது. பாட்டை நிறுத்தினால் இனி எனக்கு மேடையே இல்லை என்று தெரியும். பக்கத்தில் கிடந்த சோடாப் பெட்டியில் காலைத் தூக்கி வைத்து, பேஸைத் தொடையில் இருத்தி, விட்ட இடத்தில் பிடித்தேன். சேலை கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. முன்வரிசையில் ஒருவர், எனக்குக் கேட்கட்டும் என்றே, "பேஸ் அடிக்க ஆம்பிளையள் இல்லையோ?" என்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். கடைசியில் அவர்தான் முகத்தைத் திருப்பினார். சனம் ஆட எழும்பியது.

வயர்களைச் சுருட்டும்போது அண்ணை அருகில் வந்தார். நான் பாராட்டையும் எதிர்பார்க்கவில்லை, ஏச்சையும் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டாம் பாட்டிலை வேகமாய் முந்தி ஓடிப்போட்டாய். தாளத்தை இழுத்துப் பிடிக்கவேணும்."

குழுவில் மற்றவர்களோடு அவர் பேசும் அதே குரல். இவ்வளவு நாளும் என் வாசிப்பைப் பற்றி அவர் ஒரு பிழைகூடச் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தார்.

"ஓம் அண்ணை," என்றேன். "அடுத்த கிழமை அதை முதல்லை பழகுவம்."

"ஓம்," என்றுவிட்டு, என் பேஸைத் தூக்கி உறைக்குள் வைத்தார்.