சாத்திய கதவு

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘ஒரு வார்த்தை அக்கா’ என்று பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவளுக்கு எதிர்முனை நான். நாளெல்லாம் முகத்துக்கு முகம் பார்த்ததில் அவள் வீட்டுக் கதை முழுக்க எனக்கு அத்துப்படி.

எதைக் கேட்டாலும், “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்” என்பாள். கூட வேலை செய்கிறவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதா, செருப்பு வாங்குவதா, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். தும்முவதற்கும் கேட்பாயா என்று நாங்கள் சீண்டுவோம். சிரித்துக்கொண்டே அடுத்த விரிப்பை எடுப்பாள். பயந்து கீழ்ப்படிந்தவள் இல்லை அவள். புருஷனுக்குக் கீழ்ப்படிவது கர்த்தருக்குக் கீழ்ப்படிவது என்று அவள் அம்மா சொல்லிக் கட்டிக்கொடுத்திருந்தார். அதைச் சந்தோஷமாகவே செய்தாள். நானும் அதே சபைதான். ஆனால் எனக்கு வாய் நீளம். என் வீட்டில் என் புருஷன்தான் என்னைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

அவள் கணவர் தச்சர், சபையில் மூப்பர். கை ஓங்காத, குரல் உயர்த்தாத மனுஷர். மாதம் ஒருநாள் உபவாசம் இருந்து, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொழுது சாயும்வரை சத்தமாக ஜெபிப்பார். அவரே இழைத்துப் பொருத்திய கதவு, காற்றுக்கூட நுழையாது. கல்யாணமான புதிதில், வீட்டில் பால் இல்லையென்று இவள் அதைத் தட்டியிருக்கிறாள். கர்த்தரோடு பேசும்போது குறுக்கே வராதே என்று மட்டும் சொன்னாராம். அதற்குப்பின் அவள் தட்டியதே இல்லை.

அன்று காலை, வேலையிடத்துக்கு அவள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே புறப்படு என்றார். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அவள் கையிலிருந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நானும் அவளோடு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

அன்று உபவாச நாள். கதவு சாத்தியிருந்தது. அவருடைய போன் அணைத்தபடி மேசைமேல் கிடந்தது.

மாற்றுத்துணியைப் பையில் வைத்தாள். தலையில் முக்காடிட்டுக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ பஸ் ஏறு, அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கேட்காமல் எங்கும் போனதில்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுக் கத்தினேன்; உள்ளே ஜெபச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. தட்டக் கையை ஓங்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஈரத்துணி பிழிந்து பழகிய பிடி, விடுவிக்க முடியவில்லை.

“வேணாம்டி. கர்த்தர் அவர்கிட்ட சொல்லுவார். அவரே திறப்பார்.”

அவர் திறக்கவில்லை. சன்னல் வெயில் சுவரில் ஏறியது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அண்ணனின் இரண்டாவது போனை நான்தான் எடுத்தேன். விஷயத்தை அவளிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் என் முகத்தைப் பார்க்கிறவளாயிற்றே. அதற்குப்பிறகும் என்னைக் கதவைத் தட்ட விடவில்லை.

பொழுது சாய்ந்து கதவு திறந்தது. நடந்ததைக் கேட்டதும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்குக்கூடவா கேக்கணும்? போயிருக்கலாமே.”

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். அவள் கோபப்படவில்லை.

“எதுக்குக் கேக்கணும், எதுக்குக் கேக்க வேணாம்னு எனக்கு யாரும் சொல்லித்தரலையே” என்றாள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். கணவர் இப்போது கதவைத் திறந்துவைத்தே ஜெபிக்கிறாராம். தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாராம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று வாய்வரை வந்தது. அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவள் சொன்னதால் அடக்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் அவள் பதிலே சொல்வதில்லை. நாங்களும் சீண்டுவதில்லை. ஒருநாள் விரிப்பைப் பாதி மடித்தவள் அப்படியே நின்று, அம்மா கடைசியாகச் சொன்னதை அண்ணன் சொன்னார் என்றாள். தங்கச்சியை இன்னும் காணோமே என்று அவர் புலம்பியபோது, அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாராம்.

“அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வருவா. நல்ல புள்ளை. மெதுவா வரட்டும், நான் இருக்கேன்.”