முட்டையைப் புரட்டியது யார், தாவீது அண்ணே?

தாவீது அண்ணன் காலமாகிவிட்டார்... இன்று காலை பழைய கம்பெனியின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. நான் நம்பவில்லை.

உயிரோடிருந்த ஃபோர்மேன் ஒருவருக்கு முன்பொருமுறை மலர்வளையம் போட்ட குழு அது. எனவே அண்ணனின் எண்ணுக்கே அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்தார். "ஆமாம்மா... விடிகாலைல டீ கேட்டாரு. போட்டு எடுத்தாரதுக்குள்ள..."

சந்தேகத்தில் தொடங்குவதுதான் அவருக்குரிய அஞ்சலி என்று எண்ணுகிறேன்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பிலிருந்த ஸ்டீல் கம்பெனியின் கேட் செக்யூரிட்டி அவர். ஷிஃப்ட் முடிந்து வெளியேறும் ஒவ்வொரு மாலையும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்வார்.

"காலி டப்பாண்ணே."

"காலின்னு நீ சொல்ற. டப்பா சொல்லட்டும்."

ஒரு மழைக்காலத்தில், லாரி எடைமேடைக்காகப் பள்ளம் தோண்டிய ஜேசிபி ஒரு பழைய சிமெண்ட் பலகையைத் தூக்கியது. அடியில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள்...

பாம்பு பிடிப்பவர் வந்து பார்த்தார். சாரைப்பாம்பு, விஷமில்லாதது, வனத்துறையிடம் பேசிவிட்டேன், பொரிக்கும்வரை சீரான வெப்பத்தில் வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்றார்.

நான் செய்து தருகிறேன் என்றேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வயரிங் முதல் ஆங்கிலம் வரை யாவற்றையும் எனக்கு நானே கற்பித்துக்கொண்டவள்.

மேனேஜர் சிரித்தார். முட்டை அழுகி நாற்றம் வந்தால் மறுநிமிடமே மொத்தமும் குப்பைக்குப் போகும் என்றார்.

கேண்டீனில் ஒரு செத்த ஃப்ரிட்ஜ் கிடந்தது. கம்ப்ரஸர் போனால் என்ன? தகரக் கூரையின் பகல் சூட்டை உள்ளே விடாது, இரவில் உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது... எனக்கு அது போதும்.

ஒரு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டரின் சிறு விசிறி, அடித்தட்டில் தண்ணீர் பாட்டில்கள். நடுத்தட்டில், ஈரமான தேங்காய் நார்த்தூள் நிரப்பிய டப்பாவில் முட்டைகள்.

ஜெனரேட்டர் இணைப்பு செக்யூரிட்டி அறையில் மட்டுமே உண்டு. ஆகவே ஃப்ரிட்ஜ் தாவீது அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

"ஃப்ரிட்ஜுன்னா ஜில்லுன்னு இருக்கணும். இன்னாமே இது, அடுப்பு மாதிரி சுடுது? விஷம் கிஷம் எடுத்து விக்கப் போறியா?"

பின்னொரு நாள் வேறு சந்தேகம். "எங்கூட்டுக் கோழி நாளுக்கு நாலு தபா முட்டையப் பொரட்டுது. நீ ஒரு தபாகூட கை வைக்கல. உள்ள இருக்கறது செத்துடப் போவுது, பாத்துக்க."

நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன்... அது மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்பதற்காக.

ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தேன். கொத்தாக ஒட்டியிருந்தவை அப்படியே இருந்தன; தனித்தனியாகக் கிடந்த முட்டைகளில் ஒரு புள்ளிகூட மேலே இல்லை.

"அண்ணே, இதைத் திறந்தவர் யார்?"

"நான் இங்கியே குந்திகினு இருக்கேன். ஈ, எறும்பு தாண்டல."

"அப்படியானால் முட்டைகள் தாமாகவே புரண்டுகொண்டனவா?"

"ரேடியோ மாதிரி பேசாத. பொட்டு வச்சவ நீ. நீயே மாத்தி வச்சிட்டு என்னிய கேக்கறியோ இன்னாவோ!"

"கோழி முட்டை வேறு. பாம்பு முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் குட்டி மூச்சடைத்துச் செத்துவிடும், அண்ணே."

அன்று மாலை அவர் என் டப்பாவைத் திறக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் மட்டும்தான்... என் சந்தேகம் அங்கேதான் உறுதிப்பட்டது.

மறுநாள் ஃப்ரிட்ஜில் ஒரு பூட்டு தொங்கியது. அவருடைய சைக்கிள் பூட்டு. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே எவன் தொறப்பான்னு பாக்கறேன்" என்றார். அந்த 'எவன்' யாரென்று நான் கேட்கவில்லை.

சில முட்டைகள் சுருங்கிப் பூஞ்சை பிடித்தன. நாற்றம் வருமுன் அவற்றை எடுத்துப் புதைத்தேன்.

மற்றவை பொரித்தன. ஓட்டைக் கிழித்து, ஈரத்தோடு, பென்சில் கனத்தில் எட்டிப் பார்த்த தலைகள்... மேனேஜர் தம் மனைவிக்கு வீடியோ காலில் காட்டினார்.

குட்டிகளைக் கொண்டுபோகப் பாம்பு பிடிப்பவர் வந்தபோது, கேட்டை மறித்துக்கொண்டு நின்றவர் தாவீது அண்ணன்.

"மெட்டீரியல் வெளிய போனா கேட் பாஸ் வோணும்."

"பாம்புக்குட்டிண்ணே!"

"இன்னாவா இருந்தா இன்னா? திரும்பி வருமா, வராதா? அத்த எழுதிக் குடு."

வராது என்று எழுதிக் கொடுத்தேன். குட்டிகள் இருந்த டப்பாவின் மூடியைச் சற்றே தூக்கி விரலால் எண்ணினார்... எண்ணி முடித்தும் மூடவில்லை.

"இவ்ளோதானா?"

"மீதி பொரிக்கலண்ணே."

மூடியைப் பொருத்திவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார்.

அதன் பின் அவர் ஓய்வுபெற்றார், நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். நேரில் கண்டால் கேட்க ஒரே ஒரு கேள்வியை வைத்திருந்தேன்.

இன்று மதிய ரயிலில் கவரைப்பேட்டையிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது... அவருடைய மனைவி என்னைக் கண்டதும், "நீதான் அந்த ஸ்டோர்ஸம்மாவா?" என்று கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார்.

கூடையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

"வேலைய வுட்டு வந்ததுலேர்ந்து இதான் டூட்டி. முட்டைக்கெல்லாம் பென்சில்ல பொட்டு வப்பாரு. எதிர்ல குந்திகினு, அது மூக்கால பொரட்டினா, 'ஏய், கொல்லாத'ன்னு கோழியாண்ட சண்டை! கோழி கேக்குமா? அது பாட்டுக்குப் பொரட்டும், இவுரு பாட்டுக்குத் திட்டுவாரு."

சிரித்துக்கொண்டே சொன்னவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோழியை மெல்ல ஒதுக்கிப் பார்த்தேன். பென்சில் புள்ளிகள்... ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில், ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை.

போய் வாருங்கள், அண்ணே. கோழியை இனித் திட்ட வேண்டாம்.

அது புரட்டலாம்.