ஃபிட்டருக்கு இரண்டு கையெழுத்து

கம்பெனி மூடி நாலு வருஷமாகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கு அவர் இன்னும் ஃபிட்டர்தான். காக்கிச் சட்டையில் வீட்டைவிட்டுக் கிளம்புவார். முதியோர் இல்லத்துக்குப் போனதும் நீலச் சட்டைக்கு மாறுவார். அப்புறம் கிழவர்களைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது. மனைவிக்கு எல்லாம் தெரியும். பழைய கூட்டாளிகளிடம் மட்டும், அங்கே மோட்டாரும் பைப்லைனும் தன் பொறுப்பு என்று அளந்து வைத்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. எவ்வளவு கனத்த ஆளையும் நோகாமல் புரட்டிவிடுவார். முப்பது வருஷம் இரும்பைத் தூக்கி இறக்கிய கை அல்லவா?

தலைமை நர்ஸம்மா அதைக் கவனித்திருந்தார். "ஒரு வருஷப் பயிற்சி இருக்கு. முடிச்சா வார்டு பொறுப்பு உங்களுக்குத்தான். பழைய கம்பெனியில கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க" என்றார்.

விண்ணப்பத்தின் தலையிலேயே 'முதியோர் பராமரிப்பு' என்று கொட்டை எழுத்து.

சாயங்காலம் டீக்கடையில் பழைய கம்பெனி வெல்டர் இருந்தார். பேச்சு வேறு யாரையோ பற்றிப் போனது. "பொண்டாட்டி வேலைக்குப் போறா, இவன் வீட்ல குழந்தைக்குக் கால் கழுவி விடுறானாம்" என்றார் வெல்டர். ஃபிட்டர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வீட்டுக்கு நடக்கையில் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. விண்ணப்பம் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. வெள்ளிக்கிழமையும் தாண்டிவிட்டது.

மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசர். "என்னங்க, பயிற்சி என்னாச்சு?" என்று கேட்டாள்.

"கடைசியில பொம்பளைங்களுக்கு மட்டும்னுட்டாங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தப்பித்தோம் என்று நினைத்தார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கும் இப்படித்தானே சொன்னாங்க, பொம்பளைக்கு சூப்பர்வைசர் வேலை எதுக்குன்னு. ஆறு மாசம் ஆபீஸ் வாசல்ல நின்னேன். விடாதேன்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

"போனது போகட்டும், விடும்மா."

"எப்படி விடறது? நாளைக்கு லீவு போடறேன். நானே வந்து கேக்கறேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நர்ஸம்மாவிடம் கேட்கப்போவதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அவரிடம் பேசிக் காட்டினாள்.

"சரியா இருக்கா?" என்றாள்.

"சரியா இருக்கு" என்றார்.